சேணம் வைக்க ஓர் ஆள்



மேவிபோசேத்தின் சரித்திரம் உங்களுக்குத் தெரிந்ததே. அவனுக்கு ஐந்து வயதாயிருக்கையில் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அவசரத்தில் விழுந்து அவன் இரண்டு கால்களும் முடமாயின. பிற்காலத்தில் தாவீது ராஜாவின் பந்தியில் நித்தமும் அமரும் சிலாக்கியம் பெற்றான். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் அந்தப் பந்தியோடு நின்றுவிடுகின்றன. சாமுவேலின் இரண்டாம் புத்தகமோ மேலும் தொடர்கிறது. அப்சலோமுக்குத் தப்பி ராஜா எருசலேமைவிட்டு ஓடினபோது மேவிபோசேத் உடன் போகவில்லை. ராஜ்யத்தின்மேல் ஆசை வைத்துத் தங்கிவிட்டான் என்று அவனுடைய ஊழியக்காரனாகிய சீபா கோள் சொன்னான். ராஜா திரும்பி வந்தபோது மேவிபோசேத் தன் தரப்பைச் சொல்கிறான். முடவனானபடியால் கழுதைக்குச் சேணம் வைத்து அதன்மேல் ஏறி ராஜாவோடு போக நினைத்திருந்தானாம், ஊழியக்காரன் மோசம்போக்கினானாம்.

சீபாவுக்கு 15 குமாரரும் 20 வேலைக்காரரும் இருந்ததாக அதே புத்தகம் எண்ணிச் சொல்கிறது. அத்தனை பேர் புழங்கிய இடத்தில் ஒரு கழுதைக்குச் சேணம் வைத்து ஒரு மனிதனைத் தூக்கி உட்காரவைக்க ஆள் கிடைக்கவில்லை. சேணம் வைத்த இரண்டு கழுதைகளைச் சீபாவே ராஜாவுக்குக் காணிக்கையாக ஓட்டிக்கொண்டு போயிருந்தான். மேவிபோசேத்தின் கால்கள் குணமானதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. அவனும் அன்று குணத்தைக் கேட்கவில்லை. போகவேண்டிய இடத்துக்குப் போக ஒரு வாகனம் கேட்டான்.

இந்த வாரம் நான் எழுத எடுத்துக்கொண்டது, உடலிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடுள்ள பிள்ளைகளையும் பெரியவர்களையும் குதிரையில் ஏற்றிப் பயிற்றுவிக்கும் பணியைப்பற்றி. குதிரை என்றால் நம்மில் பலருக்குக் கிண்டிப் பந்தயமும், மெரினா மணலில் காசு கொடுத்து ஏறும் சவாரியுமே நினைவுக்கு வரும். ஆகையால் இது என்ன வேடிக்கை என்று தோன்றலாம். பொறுமையாய் வாசியுங்கள். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் 50 ஆண்டுகளுக்கு மேலாக ஒழுங்காய் நடந்துவரும் வேலை இது. இதைச் சிகிச்சை என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவது அதில் ஏறுகிறவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

டென்மார்க் தேசத்தில் லிஸ் ஹார்டெல் என்ற குதிரையேற்ற வீராங்கனை இருந்தார். 1944ஆம் ஆண்டில், தம் 23ஆம் வயதில், இரண்டாம் குழந்தையைக் கருவில் சுமந்திருந்த நாட்களில் போலியோ அவரைத் தாக்கியது. குழந்தை நலமாய்ப் பிறந்தது. தாயோ கையைத் தூக்குவதிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கற்கவேண்டியிருந்தது. முழங்காலுக்குக் கீழே அசைவு கடைசிவரை திரும்பவில்லை. ஊன்றுகோலோடு நடந்தால் அதுவே பெரிது என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். அவரோ மற்றவர்கள் தூக்கி உட்காரவைக்கக் குதிரையின்மேல் திரும்பவும் ஏறினார்.

அவர் பயின்றது டிரெஸ்ஸாஜ் என்னும் பிரிவு. ஓட்டமும் தாண்டலும் அதில் இல்லை. குதிரை ஒவ்வோர் அடியையும் ஏறியிருப்பவரின் குறிப்புக்கு இசைய எடுத்துவைக்க வேண்டும். அந்தக் குறிப்பைச் சாதாரணமாகக் கால்களால் கொடுப்பார்கள். கால் உதவாத ஹார்டெல், முதுகின் அசைவாலும் உடல் எடையை மாற்றி வைப்பதாலும் தம் குதிரையாகிய ஜூபிலியோடு பேசக் கற்றார். அதுவரை ஒலிம்பிக் குதிரையேற்றப் போட்டிகளில் பெண்களுக்கு இடமே கிடையாது. அவர்களுக்கு முதன்முதலாக டிரெஸ்ஸாஜ் பிரிவில் கதவு திறந்தது 1952ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான். அங்கே, ஆண்களோடு நேருக்கு நேர் போட்டியிட்டு, லிஸ் ஹார்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். பரிசு மேடைக்கு ஏற அவருக்குக் கைகொடுத்தவர், தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி செயின்ட் சிர். 1956ஆம் ஆண்டிலும் ஹார்டெலுக்கு மறுபடியும் வெள்ளி.

அவர் குணமாகவில்லை என்பதைக் கவனியுங்கள். குதிரையிலிருந்து இறங்கியபின் பழையபடி மற்றவர்களின் தோள் அவருக்குத் தேவைப்பட்டது. ஆயினும் அவரைக் கண்டுதான் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பிரிட்டனிலும் பலர் இந்தப் பணியின்பால் திரும்பினார்கள். 1969ஆம் ஆண்டில் பிரிட்டனில் 'ரைடிங் ஃபார் த டிசேபிள்டு அசோசியேஷன்' என்ற அமைப்பு உருவானது. இளவரசி ஆன் நெடுங்காலமாக அதன் தலைவர். அதே ஆண்டில் வட அமெரிக்காவிலும் இதற்கென ஒரு சங்கம் ஏற்பட்டது. 1996ஆம் ஆண்டின் அட்லாண்டா விளையாட்டுகளிலிருந்து பாராலிம்பிக்கிலும் குதிரையேற்றம் இடம்பெறுகிறது.

குதிரை ஏன்? கழுதையோ மாட்டுவண்டியோ செய்யாத எதை அது செய்கிறது? குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், இடமும் வலமுமாக அசைகிறது. அந்த அசைவு மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பைச் சற்றேறக்குறைய மனிதர் நடக்கும்போது அசைவது போலவே அசைக்கிறது. பெருமூளை வாதத்தால் ஒரு நாளும் நடந்திராத பிள்ளை, நடப்பவர்களின் இடுப்பு அறிந்திருக்கும் தாளத்தை முதன்முதலாக அங்கேதான் அறிகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி வைக்கிற குதிரையின்மேல் அரைமணி நேரம் இருந்தால், ஆயிரக்கணக்கான முறை அந்தப் பிள்ளை சாய்ந்து சாய்ந்து தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளவேண்டும். கட்டிலில் கிடத்திச் செய்யும் பயிற்சியில் இத்தனை முறை எந்தப் பிள்ளையும் ஒத்துழைக்காது, அழுதுவிடும். இரு பக்கமும் கால்களை அகற்றி உட்காருவதால் இறுகிய தொடைத்தசைகள் விரிகின்றன. குதிரையின் உடற்சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், நம்முடையதைவிடச் சற்று அதிகம். விறைத்த கால்கள் அந்த இளஞ்சூட்டில் தளர்வதைச் சிகிச்சையாளர்கள் மதிக்கிறார்கள்.

இந்தப் பணி இரண்டு வகைப்படும். ஒன்று ஹிப்போதெரபி. 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்கத்தில் குதிரை. குதிரைகளின் வாயில் போடும் கடிவாளத்தைப்பற்றி யாக்கோபு தம் நிருபத்தில் பேசுமிடத்தில் வருவதும் அதே சொல்தான். இதை நடத்துகிறவர் உடலியக்க மருத்துவரோ, தொழில்வழிச் சிகிச்சையாளரோ, பேச்சுப் பயிற்சியாளரோ ஆவார். பிள்ளையை முன்னோக்கியும் பக்கவாட்டிலும் சில வேளை பின்னோக்கியும் உட்காரவைத்து, குதிரையின் நடையைத் தம் மருந்தாகப் பயன்படுத்துவார். கடிவாளத்தை வேறொருவர் பிடித்திருப்பார். மற்றொன்றில் குதிரையேற்றமே பாடம். அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர், ஏறியிருப்பவருக்கு நடத்தவும் நிறுத்தவும் திருப்பவும் கற்றுக்கொடுப்பார். கடிவாளம் ஏறியிருப்பவரின் கையில்.

முதலாவதைப் படித்தவர்கள் மதிக்கிறார்கள். இரண்டாவதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் மனமோ இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது. நல்ல கால்களோடு ஒரு சிறுமி நீச்சல் கற்கப் போனால் அதற்கு நாம் நீர்ச்சிகிச்சை என்று பெயர் வைப்பதில்லை. பரதம் ஆடினால் தசைப்பயிற்சி என்று சொல்வதில்லை. சக்கர நாற்காலியில் வருகிற சிறுமி எதைத் தொட்டாலும் அது சிகிச்சை ஆகிவிடுகிறது. படம் வரைந்தால் சிகிச்சை, பாடினால் சிகிச்சை, நாயைத் தடவினால் அதுவும் சிகிச்சை. அவள் செய்கிற ஒவ்வொன்றும் அவளைச் சரிசெய்வதற்கே என்றால், சரியாகும்வரை அவள் வாழத் தொடங்கக்கூடாது என்றல்லவா ஆகிறது? குதிரை தன் சொல்லுக்கு நிற்கிறது என்று ஒரு பிள்ளை காணும் அந்த ஒரு கணத்துக்கு எந்த அளவுகோலும் தேவையில்லை. நாளெல்லாம் பிறர் தள்ளத் தள்ளப் போகிறவள், நாளெல்லாம் பெரியவர்களின் இடுப்புயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்கிறவள், எல்லாருடைய தலைக்கும் மேலே உட்கார்ந்து, தன்னைவிடப் பலமடங்கு கனமான ஒரு பிராணியை வலப்பக்கம் திருப்புகிறாள்.

அப்படியானால் பலன் ஒன்றும் இல்லையா என்று பெற்றோர் கேட்பீர்கள். உண்டு, அதை உள்ள அளவுக்கே சொல்லவேண்டும். அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வொன்று 2015ஆம் ஆண்டில் வெளியானது. ஆட்டிசம் உள்ள, 6 முதல் 16 வயது வரையான 127 பிள்ளைகளைச் சீட்டுப்போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் 10 வாரம் குதிரையேற்றம் பயின்றார்கள். மறு பகுதியினர் அதே கொட்டகைக்கு வந்து குதிரைகளைப்பற்றிக் கற்றார்கள், ஆனால் உயிருள்ள குதிரையைத் தொடவில்லை. நிஜ அளவில் செய்த பொம்மைக் குதிரையை வைத்தே பாடம் நடந்தது. வெளியே போவது, புதிய மனிதர்களைக் காண்பது ஆகியவற்றின் பலனைக் குதிரையின் கணக்கில் எழுதிவிடாதிருக்கவே இந்த ஏற்பாடு. குதிரையேறிய பிள்ளைகளிடம் எரிச்சலும் அடங்காத துறுதுறுப்பும் கூடுதலாகக் குறைந்தன; பேசும் சொற்களும் கூடின. பெருமூளை வாதத்தைப் பொறுத்தமட்டில், உடலை நிமிர்த்தி உட்காரும் சமநிலை கூடுவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பல, சில பத்துப் பிள்ளைகளை மட்டும் வைத்துச் சில வாரங்கள் நடந்தவை. 'குதிரையில் ஏற்றினால் உங்கள் மகன் நடப்பான்' என்று எவரேனும் பணம் கேட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாரும் ஏறலாம் என்பதும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே உறுதி குறைந்திருக்கும். அவர்களுக்குக் குதிரையின் குலுக்கல் ஆபத்து. அடங்காத வலிப்பு, இடுப்பு மூட்டு நழுவுதல், எளிதில் முறியும் எலும்பு, இவை இருந்தாலும் யோசிக்கவேண்டும். மருத்துவரின் கடிதம் கேட்காமல் பிள்ளையை ஏற்றிவிடுகிற இடம், எவ்வளவு அன்பாய்ப் பேசினாலும் நல்ல இடம் அல்ல.

இந்தப் பணியில் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது குதிரைகூட அல்ல, அதனோடு நடக்கும் மனிதர்கள். புதிதாய் ஏறும் ஒருவருக்கு மூன்று பேர் தேவைப்படலாம். ஒருவர் குதிரையின் தலைப்பக்கம் நடந்து அதை நடத்துவார். இருவர் பக்கத்துக்கு ஒருவராக நடப்பார்கள். தேவைப்பட்டால் ஏறியிருப்பவரின் தொடையின்மேல் தங்கள் முன்கையை வைத்துச் சேணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரும் விதிகளில் சில நம் ஆராதனை ஸ்தலங்களின் கதவிலும் ஒட்டத்தக்கவை.

ஏறியிருப்பவரைச் சேணத்தோடு கட்டக்கூடாது என்பது ஒன்று. விழுந்துவிடுவாரே என்ற பயத்தில் முதலில் தோன்றுவது கயிறுதான். ஆனால் குதிரை இடறினால் கட்டப்பட்டவர் அதனோடு போவார். அங்கவடியும் அப்படியே, ஆபத்தில் பாதம் உடனே விடுபடும்படிதான் அமைத்திருப்பார்கள். இன்னொரு விதி, பக்கத்தில் நடப்பவர்கள் ஏறியிருப்பவரின் தலைக்குக் குறுக்கே தங்களுக்குள் கதை பேசக்கூடாது. ஆசிரியர் ஒருவரே கட்டளை சொல்வார். நாலு பக்கத்திலிருந்தும் 'நிமிர்ந்து உட்கார், பிடித்துக்கொள், அங்கே பார்' என்று கூவினால் பிள்ளை எதைக் கேட்கும்? பிடிக்கவேண்டிய அளவுக்குமேல் பிடிக்கக்கூடாது என்பதும் உண்டு. சமநிலை வரவர முதலில் தொடையிலிருந்து கையை எடுக்கவேண்டும். பிறகு கணுக்கால் மட்டும். பிறகு வெறுமனே அருகில் நடக்கவேண்டும். ஒருநாள் அதுவும் வேண்டாம்.

நம் வீடுகளில் நடப்பதை இதோடு ஒத்துப்பாருங்கள். முப்பது வயது மகன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்க, 'தம்பி காபி குடிக்குமா?' என்று அவனுடைய தாயைக் கேட்கிறோம். அவன் வாய் திறந்து பேசுகிறவன். கூட்டங்களில் அவனைக் கேளாமலே மேடைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு வந்து, எல்லாரும் கண்மூடித் தலையில் கைவைத்து ஜெபிக்கிறோம்; எழுந்து நடக்கவில்லையென்றால் விசுவாசக் குறைவு என்று யாராவது முணுமுணுக்கிறார்கள். ஜெபம் வேண்டாம் என்று ஒரு போதகன் சொல்வானா? ஆனால் குருடனாகிய பர்திமேயுவிடம்கூட இயேசு, உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய் என்ற கருத்தில் முதலில் கேட்டார் என்பதை நினைத்துப்பாருங்கள். கேட்டால் அவன், ஆலயத்தின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் வேண்டும் என்று சொல்லக்கூடும். குதிரைப் பயிற்சி நடக்கிற இடங்களில் முதலில் கட்டப்படுவது அதுதான்: நாற்காலியோடு ஏறிக் குதிரையின் முதுகு மட்டத்துக்கு வந்துசேரும் ஒரு சாய்தள மேடை.

குதிரையைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஓய்வுநாள் கட்டளையில் மாட்டுக்கும் கழுதைக்கும் பங்கு கொடுத்த தேவன் இதைக் கவனியாமல் இருக்கமாட்டார். சமநிலையில்லாத பாரத்தைச் சுமப்பது குதிரைக்குக் கடினம்; ஒரு பக்கமாய்ச் சாய்கிறவரைத் தாங்கி நடக்கும்போது அதன் முதுகுதான் ஈடுகட்டுகிறது. திடீரென்று அலறும் குரலுக்கும் பிடரியை இறுகப் பற்றும் கைக்கும் மிரளாமல் நிற்கவேண்டும். இதற்கு வேகமான குதிரை உதவாது. அனுபவப்பட்ட, நிதானமான, நடையில் ஊனமில்லாத குதிரை வேண்டும். நல்ல மையங்கள் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு இத்தனை சவாரிதான், இத்தனை எடைதான் என்று வரம்பு வைத்திருக்கும். காதைப் பின்னுக்கு மடக்கி வாலை வீசிக்கொண்டு நிற்கும் குதிரையின்மேல் பிள்ளையை ஏற்றுகிறவர்களிடம் உங்கள் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

செலவு இருக்கிறது. சவாரி இல்லாத நாளிலும் குதிரை தின்னும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ ஆள் வரவேண்டும். வயதுவந்தவர்களுக்கென்றால் பெரிய குதிரை, பலமான கைகள், சில வேளை தூக்கி இறக்கும் இயந்திரமும் வேண்டும். இதனாலேயே பிள்ளைகளுக்குத் திறக்கிற கதவு, பக்கவாதம் கண்ட ஐம்பது வயதுக்காரருக்கும் விபத்தில் காலிழந்தவருக்கும் எளிதில் திறப்பதில்லை. குழந்தையைக் கண்டால் பணப்பை திறக்கிறது. அதே குழந்தை நாற்பது வயதாகும்போது மூடிக்கொள்கிறது. இந்தப் பணி மட்டும் இப்படி என்று சொல்லமாட்டேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் லண்டனிலும் டொராண்டோவிலும் மெல்பர்னிலும் குடியிருக்கிறீர்கள். டொராண்டோவில் 1969ஆம் ஆண்டிலிருந்தே இந்தப் பணி நடக்கிறது. இந்த மையங்கள் ஓடுவது பெரும்பாலும் சம்பளமில்லாமல் வருகிறவர்களின் கால்களால்தான். குதிரையைப்பற்றி ஒன்றும் தெரியாதவர்களையும் சேர்த்துக்கொண்டு பழக்குகிறார்கள். வாரத்தில் ஒரு நாள், அதே கிழமை, தவறாமல் வருவதையே பெரிதாகக் கேட்கிறார்கள். ஒருவர் வராவிட்டால் அன்று ஒருவருக்குச் சவாரி இல்லை. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். போகும்போது விரல்களை மூடும் உறுதியான காலணி அணிந்துகொள்ளுங்கள்; செருப்போடு வந்தால் லாயத்துக்குள் விடமாட்டார்கள். மணலில் அரைமணி நேரம் குதிரையின் வேகத்துக்கு நடக்கவேண்டியிருக்கும், ஒரு கை எப்போதும் உயர்ந்தபடி. முதல் வாரம் தோள் வலிக்கும்.